இந்த வாரம் என்ன படித்தீர்கள், என்ன சமைத்தீர்கள், எந்தப் பாட்டு நாடகம் பார்த்தீர்கள்?

வைகைக்கரை | சனி, காலை 7.20

சனிக்கிழமை வந்துவிட்டது. பால் பொங்குவதற்குள் நம் வாராந்திர உரையாடல் இழையைத் திறந்துவிடுகிறேன்.

என் பங்கு இது. படிப்பது: விக்டர் ஹியூகோவின் லே மிசெராப்ள், ஆங்கிலத்தில், ஒரு பக்கம் விடாமல். பள்ளி நாட்களில் கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த ஏழைபடும் பாடு படித்தேன். நாற்பது ஆண்டு கழித்து முழு நூலுக்குள் இறங்கியிருக்கிறேன். சமைத்தது: நேற்று இரவு அரிசி உப்புமா, கத்தரிக்காய் கொத்சு. இடது கையில் புத்தகம், வலது கை தட்டில். பக்கம் புரளாமலிருக்க மேல் ஓரத்தில் உப்பு ஜாடி. இந்தப் பழக்கத்துக்காகப் பாட்டியிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பிடும்போது படித்தால் சரசுவதியும் கோபிப்பாள், அன்னமும் கோபிக்கும் என்பார். இன்றுவரை விட முடியவில்லை.

நேற்று படித்த இடம் பிஷப் வீட்டு இரவுச் சாப்பாடு. 19 ஆண்டு சிறையிலிருந்து வெளியே வந்த ஜீன் வல்ஜீனுக்குச் சத்திரத்தில் இடமில்லை. நாய்க்கூண்டுக்குள் ஒதுங்கப் பார்த்தால் நாய் விரட்டுகிறது. கடைசியில் திறப்பது பிஷப் வீட்டுக் கதவு. அன்று மேசையில் என்ன இருந்தது என்று ஹியூகோ ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார்: தண்ணீர், எண்ணெய், ரொட்டி, உப்பு சேர்த்துக் காய்ச்சிய சூப்; கொஞ்சம் பன்றி இறைச்சி, ஒரு துண்டு ஆட்டிறைச்சி, அத்திப்பழம், புதிய பாலாடைக்கட்டி, பெரிய ரை ரொட்டி ஒன்று. வீட்டு வேலை பார்க்கும் அம்மாள், யாரும் சொல்லாமலே, பழைய ஒயின் ஒரு புட்டி எடுத்து வைக்கிறாள். மூன்று பேருக்கு மூன்று வெள்ளிக் கரண்டிதான் வைத்திருக்கிறாள். ஏதோ குறைகிறதே என்கிறார் பிஷப். அவள் மறுபேச்சில்லாமல் போய் மீதி மூன்றையும் கொண்டுவந்து பரப்புகிறாள். விருந்தாளி வந்தால் ஆறையும் வைப்பது அந்த வீட்டு வழக்கம்.

கொத்சு ஆறிப்போய்விட்டது. நான் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரக் கேள்வியும் அதுதான். நூலில் படித்த சாப்பாடுகளில் உங்களை விடாமல் பிடித்துக்கொண்டது எது?

மூன்றாம் அடுக்கு | சனி, காலை 8.05

காலை வணக்கம் அம்மா. கோவையிலிருந்து எழுதுகிறேன். காலையில் இட்லியும் எள்ளுப்பொடியும். புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். 31 ஆண்டு நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு எண்ணெய்க் கறையைக் கண்டால் மனம் பொறுக்காது. திரும்பி வரும் புத்தகங்களுக்குள் நான் எடுத்து வைத்தவை கொஞ்சமல்ல: பஸ் டிக்கெட், கறிவேப்பிலைக் காம்பு, ஏலக்காய்த் தோல், ஒருமுறை காய்ந்து மொறுமொறுவென்று ஒரு முழு அப்பளத் துண்டு. சமையல் நூல்கள் மட்டும் கறையோடு வந்தால் நான் கோபித்ததில்லை. அது அந்த நூல் வேலை செய்ததற்கு அடையாளம்.

ஏழைபடும் பாடு என்றதும் 1950இல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த படமும் நினைவுக்கு வருகிறது. ஜீன் வல்ஜீன் பாத்திரத்தில் நாகையா. இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்தவர் சீதாராமன். அந்த வேடப் பெயர் அவரை விடவேயில்லை. பிறகு உடல் பொருள் ஆனந்தி நாவல் எழுதியபோதும் அவர் ஜாவர் சீதாராமன்தான். ஒரு பிரெஞ்சு நாவலின் போலீஸ்காரன் பெயர் ஒரு தமிழ் எழுத்தாளரின் முன்பெயராக நிலைத்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

பனையோலை | சனி, காலை 9.40

வைகைக்கரை அக்கா, என்ன பொருத்தம் பாருங்கள்! போன புதன்கிழமைதான் மகள் என்னை லண்டன் நகரத்துக்கு அழைத்துப் போய் அதே கதையைப் பாட்டு நாடகமாகக் காட்டினாள். 1980இல் பாரிசில் பிரெஞ்சு மொழியில் தொடங்கி, 1985இல் லண்டனுக்கு வந்து, மேடை மாறி மாறி இன்றும் ஓடுகிறது. இடைவேளையோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். முதல் காட்சியிலேயே கண் கலங்கிவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி எனக்குத் தன் கைக்குட்டையை நீட்டினார்.

நீங்கள் எழுதிய அந்தச் சாப்பாட்டை வாசித்த பிறகு ஒன்று உறைக்கிறது. மேடையில் அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஒயின் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, உட்கார் என்று பிஷப் பாடுகிறார். அடுத்த கணம் வெள்ளியைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். அத்திப்பழம் எங்கே, ஆறு கரண்டி எங்கே? ஆனால் தெனார்தியே என்ற கள்ளன் நடத்தும் சத்திரத்துக்கு மட்டும் ஒரு முழுப் பாட்டு! சாசேஜில் குதிரையின் சிறுநீரகத்தையும் பூனையின் ஈரலையும் கலக்கும் விதத்தை அவன் சந்தோஷமாகப் பாடுகிறான், கொட்டகை முழுவதும் கை தட்டுகிறது. நல்லவன் போட்ட சோற்றுக்கு இரண்டு வரி, கலப்படக்காரனின் சோற்றுக்கு ஒரு பாட்டு. எனக்கு இது மனத்தில் ஒட்டவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் ரொட்டியைப் பாண் என்போம். ஜீன் வல்ஜீன் அக்காவின் ஏழு பிள்ளைகளுக்காக ஒரு பாண் திருடினான் என்று வாசிக்கும்போது எனக்கு எழுபதுகளின் பாண் வரிசைதான் தெரியும். விடிய முன்னமே அம்மா என்னைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டில் சின்னவர்களைப் பார்க்கப் போவா. ஒரு றாத்தல் பாண் கிடைக்கும், சில நாள் அதுவும் கிடையாது. கிடைக்காத நாளில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். வீட்டுக்கு வரும் வழியில் பாணின் முனையைக் கிள்ளித் தின்றுவிட்டு, எலி கடித்தது என்று சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. முனை இல்லாத பக்கத்தைத் தன் தட்டில் வைத்துக்கொண்டா.

இளந்தளிர் | சனி, காலை 10.15

எல்லோருக்கும் வணக்கம். நான் புதிது. விடுதியில் இருக்கிறேன், அதனால் சமையல் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்று காலை பொங்கல், சாம்பார். படிப்பது சார்லஸ் டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்ட்.

பனையோலை அம்மா, உங்கள் பாண் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை.

ஒரு சந்தேகம். அந்த நாடகத்தில் வருவது பிரெஞ்சுப் புரட்சிதானே? வகுப்பில் நண்பர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

பனையோலை | சனி, காலை 10.30

இல்லை பிள்ளை, எல்லோரும் அப்படித்தான் நினைத்துவிடுகிறார்கள். 1789 புரட்சி வேறு. நாவலில் தெருத் தடுப்புகள் எழுவது 1832 ஜூன் மாதக் கிளர்ச்சியில். லமார்க் என்ற தளபதியின் இறுதி ஊர்வலத்தில் வெடித்து, மறுநாளே நசுக்கப்பட்டது. தோற்றுப்போனவர்களின் கதை அது. ஹியூகோ அதை 1862இல் வெளியிட்டார். தோற்றவர்கள் பாடுவதால்தான் எனக்கு அந்தப் பாட்டுக்கள் அவ்வளவு பிடிக்கும்.

விடுதியில் இருந்தால் என்ன, என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொரு வாரமும் வந்து எழுது.

மூன்றாம் அடுக்கு | சனி, பகல் 12.10

மேடையில் சாப்பாடு ஏன் சுருங்குகிறது என்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு என்று எண்ணுகிறேன். வாயில் சோறு இருந்தால் பாட முடியாது. நாவலாசிரியருக்குப் பத்துப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட வைக்க உரிமை இருக்கிறது. பாடகருக்கு மூச்சு வேண்டும். ஆகவே பாட்டு நாடகம் பசியை எடுத்துக்கொள்கிறது, சோற்றை நூலிலேயே விட்டுவிடுகிறது. பசியைப் பாடலாம், ஏக்கத்தைப் பாடலாம். மென்று விழுங்குவதை எப்படிப் பாடுவது?

ஆர்மோனியக் கட்டை | சனி, பகல் 1.45

ஐயா, மன்னிக்க வேண்டும், இங்கே நான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. மென்று விழுங்குவதைப் பாடுவதை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், பொன்னமராவதிப் பக்கம். அப்பா இசை நாடகத்தில் ஆர்மோனியம். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை எத்தனை மேடையில் வாசித்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்குப் பபூன் வந்து தொடங்கி வைப்பார், கிழக்கு வெளுக்கும்போது முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் முடியும். நடுவில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யத் தொடங்கினால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது.

அந்த நாடகத்தில் முருகன் கிழவனாக வந்து பசிக்கிறது என்பார். வள்ளி தேனும் தினைமாவும் கொடுப்பாள். எங்கள் பக்கத்துக் குழுக்களில் அது வெறும் பாவனை இல்லை. உண்மையாகவே ஒரு கிண்ணத்தில் தினைமாவு இருக்கும். கிழவன் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு பாடவும் செய்வார். மாவு தொண்டையில் அடைக்கும், விக்கல் வரும். அந்த விக்கலுக்குத்தான் ஊரே காத்திருக்கும். அப்பா ஆர்மோனியத்தின் துருத்தியைச் சட்டென்று அழுத்தி, ஒரே கட்டையைத் தொட்டு விடுவார். விக் என்று ஒரு ஒலி வரும். கிழவன் வாயைத் திறப்பார், விக்கல் பெட்டியிலிருந்து கேட்கும். மிருதங்கக்காரர் அடுத்த விக்கலுக்கு ஒரு தட்டு. தாளத்துக்குள் விக்கல், விக்கலுக்குள் பாட்டு. தண்ணீர், தண்ணீர் என்று அவர் வள்ளியின் பின்னால் சுனைக்குப் போகும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் யாராவது சொம்போடு எழுந்தே விடுவார்கள்.

இதை நான் ஆறு வயதில் ஆர்மோனியத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்தேன். எங்கள் மேடையில் சோறும் உண்டு ஐயா.

இந்த வாரம் படித்தது நாடக நடிகர் அவ்வை சண்முகத்தின் எனது நாடக வாழ்க்கை. பழைய பிரதி, அட்டை இல்லை. சமைத்தது அம்மா: மொச்சைக்கொட்டைக் குழம்பு.

மூன்றாம் அடுக்கு | சனி, பகல் 2.20

தம்பி, ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது தவறு. அந்த விக்கலை ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

பனையோலை | சனி, மாலை 3.05

தம்பி, உங்கள் பதிவை அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவவுக்கு 86 வயது. உடனே வைரமுத்துவின் பெயரைச் சொன்னா. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து. எங்கள் பக்கத்தில் அவருடைய அரிச்சந்திரா மயான காண்டம் பார்க்காத ஊர் இல்லை.

மயான காண்டத்திலும் ஒரு சாப்பாடு இருக்கிறது, அதை யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை. சுடலை காக்க வந்த அரிச்சந்திரனிடம் அவன் எசமான் வீரவாகு கணக்குச் சொல்கிறான்: பிணத்துக்குக் கால்பணமும் முழத்துண்டும் எனக்கு, வாய்க்கரிசி உனக்கு. நாடாண்ட அரசன் செத்தவர் வாயில் போட்ட அரிசியைப் பொறுக்கிச் சமைத்து உண்டு உயிர் வாழ்கிறான். பிறகு தன் மகனின் உடலைச் சுமந்து மனைவியே வந்து நிற்கும்போது அதே கணக்கை அவளிடமும் கேட்கிறான்.

அம்மா சொன்னா: நாடகம் முடிந்து விடிய வீட்டுக்கு வந்து, உலையில் அரிசி போடக் கை எழவில்லையாம். அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு அப்படியே நின்றாவாம். அப்பாச்சி வந்து கையைப் பிடித்து, பிள்ளைகள் பசியில் இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் போட்டாவாம்.

லண்டன் மேடையில் நான் அழுதேன், உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

வைகைக்கரை | சனி, மாலை 4.30

இதைப் படித்துவிட்டு வந்து அரிசி டப்பாவைத் திறந்தேன். எனக்கும் ஒரு நொடி கை நின்றது.

இளந்தளிர், நீ ஆலிவர் ட்விஸ்ட் படிப்பதாகச் சொன்னாயே, கஞ்சி கேட்கும் இடம் வந்துவிட்டதா?

இளந்தளிர் | சனி, மாலை 5.10

வந்துவிட்டது அம்மா. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஆலிவர் கேட்கும், எல்லோரும் சொல்லும் அந்த ஒரு வரியைவிட அதற்கு முந்தைய பத்திதான் என்னைத் தாக்கியது. அந்த ஏழைகள் விடுதியில் பையன்களின் கிண்ணங்களைக் கழுவ வேண்டிய தேவையே இல்லையாம். கரண்டியால் சுரண்டிச் சுரண்டி அவர்களே பளபளவென்று ஆக்கிவிடுவார்களாம். பெரிய விழா நாள் என்றால் கஞ்சியோடு இரண்டேகால் அவுன்ஸ் ரொட்டி. இரண்டேகால்! யாரோ தராசு வைத்து நிறுத்திருக்கிறார்கள்.

இன்னொரு பையன் வருகிறான், வயதுக்கு மீறிய உயரம். அவனுடைய அப்பா சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். இன்னொரு கிண்ணம் கஞ்சி கிடைக்காவிட்டால் ஒரு நாள் இரவு பக்கத்தில் படுத்திருப்பவனைத் தின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்கிறான். அதனால்தான் சீட்டுக் குலுக்குகிறார்கள், ஆலிவர் பெயர் விழுகிறது. அவன் தைரியசாலி என்பதால் எழுந்து போகவில்லை. இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

இதையும் பாட்டு நாடகமாக ஆக்கியிருக்கிறார்கள், இல்லையா?

பனையோலை | சனி, மாலை 5.40

ஓம், 1960இல் லண்டனில் வந்தது. லயனல் பார்ட் பாட்டும் எழுதி இசையும் அமைத்தார். திரை விலகியதும் பையன்கள் காலிக் கிண்ணத்தோடு வந்து, சூடான சாசேஜ், கடுகு, ஜெல்லி, கஸ்டர்ட் என்று கனவிலுள்ள சாப்பாட்டையெல்லாம் பாடுவார்கள். மூன்றாம் அடுக்கு ஐயா சொன்னது அந்த நாடகத்துக்கு அப்படியே பொருந்தும். பசி பாட்டாகிவிட்டது, கிண்ணத்தில் ஒன்றுமில்லை.

ஆர்மோனியக் கட்டை | சனி, மாலை 6.30

அந்தப் பாடும் பையன்கள் நாடகம் முடிந்து வீட்டில் நல்ல சாப்பாடு சாப்பிடுவார்கள். எங்கள் ஊர்க் கதை வேறு, அதைத்தான் இந்த வாரம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கினார். அவ்வை சண்முகம் சகோதரர்கள் சேர்ந்தது அதில்தான். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. இப்படி எத்தனையோ பாய்ஸ் கம்பெனிகள். கம்பெனி வீடு எடுத்து, பையன்களை அங்கேயே தங்க வைத்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுத்தார்கள். கலை ஆசையில் வந்தவர்களும் உண்டு. ஆனால் வீட்டில் உலை எரியாததால் அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது வறுமையால்தான். இங்கே பசியைப் பாடியவர்கள் பசித்த பிள்ளைகளேதான். ஆலிவருக்கு ஒரு கம்பெனி வாத்தியார் கிடைத்திருந்தால் அவனும் மேடையில் நின்றிருப்பான் என்று இளந்தளிர் எழுதியதைப் படித்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தாமிரபரணி | சனி, இரவு 8.15

நியூஜெர்சியில் இப்போதுதான் காலை காப்பி ஆயிற்று. நேற்று வைத்த சொதியை ஆப்பத்துக்கு ஊற்றிக்கொண்டு இழை முழுவதும் படித்தேன், கண்ணைத் தட்டிலேயே வைக்கவில்லை.

ஒரு சாப்பாட்டையே பாட்டாக்கிய நாடகம் ஒன்று எனக்குத் தெரியும். ஹாமில்டன். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் கதை. அதன் வேரும் ஒரு புத்தகம்தான். ரான் செர்னோ 2004இல் எழுதிய கனமான வாழ்க்கை வரலாற்று நூலை, நாடகத்தை எழுதிய லின் மானுவல் மிராண்டா விடுமுறையில் மெக்சிகோவுக்கு எடுத்துப் போய்ப் படித்தார். 2015இல் அது மேடையேறியது. விடுமுறைக்குத் தடித்த புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

1790 ஜூனில் நியூயார்க்கில், அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெபர்சன் வீட்டு இரவு விருந்து. ஹாமில்டன், மாடிசன், ஜெபர்சன். மாநிலங்களின் கடனை மத்திய அரசு ஏற்றுக்கொள்வது, பதிலுக்குத் தலைநகரம் பொடோமாக் ஆற்றங்கரைக்குப் போவது என்ற உடன்பாடு அந்தச் சாப்பாட்டு மேசையில் முடிந்தது. அந்த அறைக்குள் தான் இல்லையே என்று ஹாமில்டனின் போட்டியாளர் ஆரன் பர் ஏங்கிப் பாடுவதுதான் நாடகத்தின் உயிரான பாட்டுகளில் ஒன்று. அதில் ஜெபர்சன், உணவுப் பட்டியலை ஏற்பாடு செய்தவன் நானே என்று பெருமையாகப் பாடுகிறார்.

சமைத்தது யார்? அப்போது ஜெபர்சன் வீட்டு அடுக்களையில் இருந்தவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். 1784இல் ஜெபர்சன் பாரிசுக்கு அழைத்துப் போய், பிரெஞ்சுச் சமையல் கற்க வைத்த அடிமை. தம்பி பீட்டருக்கு அத்தனையையும் சொல்லிக் கொடுத்த பிறகுதான் 1796இல் விடுதலை கிடைத்தது. போகும் முன் அடுக்களைப் பாத்திரங்களைத் தன் கையால் பட்டியல் எழுதி வைத்தார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. அதன் படத்தை முதல்முறை பார்த்தபோது, செம்புப் பாத்திரங்களின் பெயரை வரிசையாக எழுதிய அந்தக் கையெழுத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். நாட்டின் தலைநகரத்தை முடிவு செய்த சாப்பாடு. பர் அறைக்குள் இல்லை என்று பாட ஒரு பாட்டு இருக்கிறது. அடுத்த அறையில் அடுப்பருகில் நின்றவருக்கு அந்தப் பாட்டில் ஒரு வரி இல்லை.

எனக்கு அந்த நாடகத்தின் மேல் அளவில்லாத பிரியம். அதனால்தான் இது வலிக்கிறது.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 6.50

இரவு தூங்கப் போகும்போது உங்கள் பதிவைப் படித்தேன் தாமிரபரணி. எழுந்ததும் ஹியூகோவை எடுத்து மறுபடி பிஷப் வீட்டுக்கே போனேன். சமைத்த அம்மாளுக்கு அங்கே பெயர் இருக்கிறது: மக்ளுவார். கோபம் இருக்கிறது, பயம் இருக்கிறது, ஒயின் புட்டியை எடுத்து வைக்கும் மனம் இருக்கிறது. நாவலில் எனக்கு இதுவே பெரிய நிம்மதி.

அந்தச் சாப்பாட்டின் முடிவு தெரியுமா உங்களுக்கு? அரக்கப் பரக்கத் தின்று முடித்த வல்ஜீன், என்னைப் பந்தியில் சேர்க்காத வண்டிக்காரர்கள் உங்களைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று பிஷப்பிடமே சொல்லிவிடுகிறான். பிஷப், அவர்களுக்கு என்னைவிடக் களைப்பு அதிகம் என்கிறார். இன்னொன்று. அவர் அவனை ஒவ்வொரு முறையும் ஐயா என்று அழைக்கிறார். கடல் நடுவில் கப்பல் உடைந்து தவிப்பவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் எப்படியோ, சிறையாளிக்கு அந்த ஐயா அப்படி என்று எழுதுகிறார் ஹியூகோ. சூப்பைவிட அதுதான் அவன் பசியை ஆற்றியிருக்கும்.

மூன்றாம் அடுக்கு | ஞாயிறு, காலை 9.30

நேற்றுத் தம்பியிடம் தோற்றதற்கு இன்று ஒரு நூலைக் கொண்டு வந்திருக்கிறேன். சிறுபாணாற்றுப்படை, 269 அடி. நல்லூர் நத்தத்தனார் பாடியது. படிப்பு, சாப்பாடு, பாட்டு மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் இதைவிட வேறு எங்கே போவது?

பாணன் வீட்டு அடுக்களை முதலில் வருகிறது. கூரை இற்று விழுகிறது, குட்டி போட்ட நாய் பால் இல்லாமல் குரைக்கிறது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேக வைக்கிறாள். உப்பு இல்லை, உப்பிலி வெந்ததை என்றே புலவர் எழுதுகிறார். அதைச் சுற்றம் மொத்தமும் பகிர்ந்து தின்னும்போது, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பசியைவிட அந்தச் சாத்திய கதவுதான் என்னை உலுக்கும்.

பிறகு நல்லியக்கோடன் அரண்மனை. யாழ் வாசித்த பாணனுக்குப் பொற்கலத்தில் உணவு. வீமன் செய்த சமையல் நூலிலிருந்து வழுவாத பல வகை அடிசில் என்கிறார் புலவர். பார்த்தீர்களா, சமையல் புத்தகம்! அதைப் பார்த்துச் சமைத்திருக்கிறார்கள். அரசன் உட்காரவில்லை. தானே பக்கத்தில் நின்று, விருப்பம் குறையாமல் ஊட்டுகிறான். கதவைச் சாத்திக்கொண்டு உண்டவனுக்கு, அரசன் நின்று பரிமாறுகிறான்.

வேலையில் இருந்தபோது இந்த நூலை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்தேன். தேர்வுக்காகத்தான் கேட்பார்கள். ஒருவராவது அந்தக் கீரையைப் பற்றித் திரும்பி வந்து பேச மாட்டாரா என்று காத்திருந்ததுண்டு.

இளந்தளிர் | ஞாயிறு, காலை 10.05

ஐயா, நான் அதைத் தேர்வுக்காகத்தான் படித்தேன். வேளைக்கீரை என்றால் என்ன என்று அப்போது யாரையும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

மூன்றாம் அடுக்கு | ஞாயிறு, காலை 10.20

மழைக்குப் பின் தரிசு நிலத்திலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கும். தைவேளை, நல்வேளை என்று சொல்வார்கள். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் காரம். அடுத்த மழைக்கு ஊருக்குப் போகும்போது யாராவது பெரியவரைக் காட்டச் சொல். உப்புப் போட்டே சமைத்துச் சாப்பிடு. பிறகு இங்கே வந்து எழுது, காத்திருக்கிறேன்.

தாமிரபரணி | ஞாயிறு, மாலை 6.40

ஆர்மோனியம் தம்பிக்கு ஒரு கேள்வி. வாசிப்பவர்கள், பாடுபவர்கள் எப்போது சாப்பிடுவார்கள்? நேற்றுச் சமைத்தவரைப் பற்றி எழுதிய பிறகு இதுதான் மனத்தில் ஓடுகிறது.

ஆர்மோனியக் கட்டை | ஞாயிறு, இரவு 9.15

நாடகம் போடும் ஊரில் ஏதாவது ஒரு வீட்டில் ஏற்பாடு இருக்கும் அண்ணா. மாலையில் போய்ச் சேர்ந்ததும் காப்பி, எட்டு மணிக்குச் சோறு. ஸ்திரீபார்ட், ராஜபார்ட், அதாவது நாயகி வேடமும் நாயகன் வேடமும் போடுகிறவர்கள், இருவரும் பாதி வயிறுதான் சாப்பிடுவார்கள். நிறைந்த வயிற்றில் மேல்ஸ்தாயி எழும்பாது. இரவில் தயிரைத் தொடமாட்டார்கள். இடையில் பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால். அப்பாவுக்குப் பாட்டு இல்லை, விரல் மட்டும்தான். ஆனாலும் பாடுகிறவர்களோடு சேர்ந்து அவரும் பாதி வயிறுதான். கேட்டால், அவர்கள் மூச்சு எங்கே முடியும் என்று என் வயிற்றுக்குத் தெரிய வேண்டும் என்பார்.

விடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய சோற்றில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் உரித்து வைப்பார். அப்பா முதல் கவளம் எடுக்கும்போது விரல்கள் இன்னும் கட்டையைத் தேடுவதுபோல அசைந்துகொண்டிருக்கும். நான் எதிரில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்ப்பேன்.

அப்பா இறந்து மூன்று ஆண்டு ஆகிறது. பெட்டி இப்போது என்னிடம். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாவில் வள்ளி திருமணம். முதல்முறையாக முழு இரவும் நான்தான் வாசிக்கிறேன். விக்கல் ஒலியை ஒரு வாரமாகப் பழகுகிறேன், இன்னும் அவருடையதுபோல் வரவில்லை.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9.30

தம்பி, வெளியூர்க்காரர்கள் வரலாமா? மதுரையிலிருந்து பஸ் இருக்கிறதே. தினைமாவு நான் கொண்டு வருகிறேன். தினையை லேசாக வறுத்து, திரித்து, சலித்து வைத்துவிடுகிறேன். தேனை மேடையேறும் முன் ஊற்றிப் பிசைந்துகொள்ளலாம். கிழவன் கவளம் போட என் கை மாவு.

மூன்றாம் அடுக்கு | ஞாயிறு, இரவு 9.50

கோவையிலிருந்து நானும் வருகிறேன்.

ஆர்மோனியக் கட்டை | ஞாயிறு, இரவு 10.10

கட்டாயம் வாருங்கள். பொன்னமராவதியில் இறங்கிச் சொன்னால் வண்டியோடு வந்து அழைத்துப் போகிறேன். பனி இறங்கும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரை மணிக்குள் வந்துவிடுங்கள் அக்கா, அம்மா இப்போதே எத்தனை பேர் என்று கேட்கிறார். வழியில் எங்கேயும் சாப்பிட்டுவிடாதீர்கள்.